மாப்பிள்ளை கட்டிய கணப்பு

குளிர்காயக் கட்டின கணப்பு புகைந்தால் முதலில் திட்டு வாங்குபவன் விறகுக்கடைக்காரன்தான். கட்டினவனைத் திட்டமாட்டார்கள், காற்றைத் திட்டமாட்டார்கள், புகைபோக்கிக்குள் கூடு கட்டின காக்காயைக்கூடத் திட்டமாட்டார்கள். "ஈர விறகைத் தள்ளிவிட்டுட்டான்யா" என்று என் தலையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இத்தனை வருஷத்தில் அது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் எங்கள் தெருத் தையல்காரர் வீட்டில் வாங்கின பேச்சு மட்டும் இன்னும் செரிக்கவில்லை. குளிர்காலம் பாதிக்கு மேல் அந்த வீட்டில் என் விறகுதான் குற்றவாளி.

தையல்காரருக்கு வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மிஷின், நடுவில் துணி வெட்டும் நீள மேசை, சுவரோரம் தைத்து முடித்த உடுப்புகள் தொங்கும் கம்பி. எங்கள் ஊர்க் குளிரில் விரல் விறைத்துவிட்டால் ஊசியில் நூல் கோக்க முடியாது. கத்தரிக்கோலைத் தொட்டாலே சுரீர் என்கும். முன்பெல்லாம் இரும்புச் சட்டியில் கரியைப் போட்டு மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வார். ஒரு நாள் யாரோ தைக்கக் கொடுத்த கம்பளிக் கோட்டில் பொறி தெறித்துப் பொத்தல் விழுந்தது. "ஒழுங்கா ஒரு கணப்பு கட்டுங்க, இல்லேன்னா மிஷினை மூட்டை கட்டிடுங்க" என்று அவர் மனைவி சொல்லிவிட்டாள். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

கணப்பு வேலைக்கென்றே எங்கள் ஊரில் ஆள் உண்டு. எப்போதும் தோளில் ஏணியோடு திரிவதால் அவருக்கு ஏணி என்றே பெயர். எந்த வீட்டுப் புகைபோக்கியில் என்ன அடைத்திருக்கிறது என்பதும் தெரியும், எந்த வீட்டில் யாருக்கு யாரோடு சண்டை என்பதும் தெரியும். இரண்டையும் எல்லோரிடமும் சொல்லிவிடுவார். அவரைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் தையல்காரருடைய ஒரே மகள் குருவியைக் கட்டினவன் கொத்தனார். வீட்டில் கொத்தனார் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு வெளியாளைக் கூப்பிட்டால் அது எத்தனை பெரிய அவமானம்! அவனே கரணையும் மட்டப்பலகையுமாக வந்து நின்றுவிட்டான்.

வஞ்சகமில்லாமல் சொல்கிறேன், சுவர் எழுப்புவதில் அவன் கெட்டிக்காரன். நூல் பிடித்துப் பார்த்தால் முடியளவு விலகாது. ஆனால் சுவர் நிற்கிற சமாச்சாரம், புகை போகிற சமாச்சாரம். ஒன்றைத் தெரிந்தவனுக்கு இன்னொன்றும் தெரியும் என்று யார் சொன்னது? வாசற்கதவு அகலத்துக்குக் கணப்பின் வாயை வைத்தான். ஓரத்துக்கெல்லாம் செங்கல்லை வளைத்து அலங்காரம் செய்தான். பார்க்க ராஜா வீட்டுக் கணப்பு மாதிரிதான் இருந்தது.

முதல் முறை மூட்டின அன்று நானும் இருந்தேன், விறகு கொண்டுபோனவன் ஆயிற்றே. வயிற்றில் பிள்ளையோடு குருவியும் வந்திருந்தாள். தீ பிடித்தது. புகை கொஞ்ச தூரம் மேலே போனது. பிறகு என்ன நினைத்ததோ, அப்படியே திரும்பி அறைக்குள் வந்துவிட்டது. தொங்கின உடுப்பு, மேசை, மிஷின் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை மட்டும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தையல்காரர் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். "அருமை மாப்பிள்ளை, சூடு முதுகு வரைக்கும் வருது" என்றார்.

"அந்த வளைவு ஒண்ணு போதும், என்ன அழகு!" என்றாள் அக்கா, முந்தானைக்குள்ளிருந்து.

மாப்பிள்ளையும் இருமினான். இருமிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "விறகு ஈரம்."

அவ்வளவுதான். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் உயிர் வந்த மாதிரி ஆகிவிட்டது. "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார் தையல்காரர். "ஏன் தம்பி, நம்ம வீட்டுக்கே இப்படிக் கொடுக்கலாமா?" என்றாள் அக்கா. கோடையிலிருந்து கொட்டகைக்குள் காய்ந்து, தட்டினால் மணி மாதிரி சத்தம் கேட்கிற விறகு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு கட்டையை எடுத்து நாலு சாத்து சாத்தியிருப்பேன். குருவி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கண்ணைக் காட்டினாள். வாயை மூடிக்கொண்டேன்.

அவள் ஏன் கண்ணைக் காட்டினாள் என்று எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கு மூக்குக்கு மேல் கோபம். அடிக்கிற ஆள் இல்லை, குடிக்கிற ஆளும் இல்லை. பேசமாட்டான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். நாள் கணக்கில் அந்த வீட்டில் அவள் சுவரோடுதான் பேச வேண்டும். அவனுடைய வேலையைக் குறை சொன்னால் மட்டும் அப்படி. அதற்காகவே தையல்காரர் வீட்டில் அவன் வேலையைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே பேசுவார்கள்.

அந்தக் குளிர்காலத்தை அவர்கள் எப்படி ஓட்டினார்கள் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. கணப்பை மூட்டினால் ஜன்னலைத் திறக்க வேண்டும், ஜன்னலைத் திறந்தால் கணப்பு இல்லாத நாளைவிடக் குளிரும். மூட்டாமல் இருக்கலாம் என்றால் மாப்பிள்ளை திடீரென்று வந்து "ஏன் மாமா மூட்டலை?" என்பான். அவன் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டதும் அக்கா ஓடிப்போய் மூட்டுவாள். எல்லோருமாக அழுதுகொண்டே அதைப் புகழுவார்கள். தைத்த துணியெல்லாம் புகை நாற்றம். வெள்ளைச் சட்டை கொடுத்தவர் ஒருவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு மேசையிலேயே போட்டுவிட்டுப் போனார். தையல்காரருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தையல் போடும்போது இருமல் வந்தால் கோடு கோணிவிடும், பிரித்துத் திரும்பப் போடுவார். அவர் பிரிக்கிற தையலைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும்.

மாப்பிள்ளை வெளியூரில் ஒரு கட்டட வேலைக்குப் போனதும் அக்கா என் கடைக்கு வந்துவிட்டாள்.

"தம்பி, அந்த ஏணியைக் கூட்டிட்டு வா. இவரு இருமியே செத்துடுவாரு போலிருக்கு."

"என் விறகு ஈரம்னு சொன்னீங்களே அக்கா, காய்ஞ்ச விறகு வேணும்னா தரேன்."

"இப்பப் போய்க் குத்திக் காட்டாதடா. உன் விறகு தங்கம். போய்க் கூட்டிட்டு வா."

ஏணி வந்தார். கணப்புக்குள் தலையை விட்டு மேலே பார்த்தார். வெளியே வந்து சிரித்தார்.

"யார் கட்டினது?"

"ஒரு கொத்தனார்" என்றார் தையல்காரர்.

"எந்தக் கொத்தனாரு? நம்ம மாப்பிள்ளைதானே? ஊருக்கே தெரியும், என்கிட்ட என்ன ஒளிக்கிறீங்க? அவரை வரச் சொல்லுங்க. அவர் நிக்கட்டும், நான் செய்யறேன்."

"அவர் வெளியூர் போயிருக்காரே."

"வந்தப்புறம் செய்யலாம். என்ன அவசரம்?"

அவர் தொழிலில் அப்படி ஒரு வழக்கம். ஒருத்தர் கட்டின கணப்பை இன்னொருத்தர் திறந்தால் கட்டினவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த வீட்டில் அது நடக்காது என்று தெரிந்ததும் ஏணி ஏணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அக்கா வாசலை மறித்து நின்றாள்.

"அவருக்குத் தெரியாம செஞ்சு கொடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"தெரியாமயா? எதுக்கும்மா? திட்டறதுக்கா அவரைக் கூப்பிடச் சொல்றேன்? தப்பு எங்க இருக்குன்னு அவர் கையை உள்ள விட்டுப் பார்த்துடணும். இல்லேன்னா நாளைக்கு இன்னொரு வீட்ல இதையேதான் கட்டுவாரு."

"இன்னொரு வீட்டுக்கதை நமக்கு எதுக்கு? என் பொண்ணு அவர்கூட வாழணும்யா. மாசமா இருக்கா."

"வெளியே ஒரு செங்கல்கூட நகரக் கூடாது" என்று சேர்த்துச் சொன்னார் தையல்காரர். "பார்த்தா நீங்க வந்துட்டுப் போனதே தெரியக் கூடாது."

"நல்லா இருக்கே! கல்யாண வீட்ல சமைச்சிட்டு, சமைச்சவன் பின்வாசல் வழியா ஓடணுமா?" என்று ஏணி முனகினார். ஆனால் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அழுகைக்கு யார்தான் நிற்பார்கள்? வெளியே மூச்சு விடமாட்டேன் என்று அவளுக்குச் சத்தியமும் செய்துகொடுத்துவிட்டு ஏணியை இறக்கிவைத்தார்.

மேசையையும் மிஷினையும் பழைய போர்வையால் மூடினோம். கணப்பின் வாயில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டோம். ஏணி கூரைமேல் ஏறி, கயிற்றில் கட்டின இரும்புக் குண்டைப் புகைபோக்கிக்குள் இறக்கினார். பாதி வழியில் அது டொக்கென்று நின்றுவிட்டது. கட்டும்போது உள்ளே சிந்தின சிமெண்டுக் கலவை புகைபோக்கியின் வளைவில் விழுந்து அங்கேயே கல்லாக இறுகிக் கிடந்தது. குண்டைத் தூக்கித் தூக்கிப் போட்டார். கடைசியில் அது பெயர்ந்து கீழே விழுந்தபோது வீடே அதிர்ந்தது. அக்கா அந்தக் கட்டியைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் சாக்கடையில் போட்டுவிட்டு வந்தாள்.

"அது மட்டும் இல்லை" என்றார் ஏணி, இறங்கிவந்து. "வாய் பெருசு, தொண்டையும் பெருசு. கழுத்துன்னு ஒண்ணு வைக்கவே இல்லை. புகை போறதா வர்றதான்னு தெரியாம நிக்குது." கணப்புக்குள் மல்லாந்து படுத்து, தீக்கு மேலே உள்பக்கமாகச் செங்கல் வைத்துக் குறுகலாக ஒரு கழுத்தைக் கட்டினார். பின்னால் ஒரு திட்டு வைத்தார், மேலிருந்து இறங்குகிற காற்று அதில் மோதித் திரும்புவதற்கு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வேலை முடிந்ததும் அக்கா தரையை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினாள். ஏணிக்குச் சூடாகச் சூப்பும் ரொட்டியும் கொடுத்தாள். முகமெல்லாம் கரியோடு அவர் அதைக் குடித்தபடி அடுத்த தெருக்காரன் குடும்ப வழக்கை முழுக்கச் சொல்லி முடித்தார்.

மூட்டினோம். என் விறகு, அதே விறகு! தீ நிமிர்ந்து எரிந்தது. புகை வாலைச் சுருட்டிக்கொண்டு மேலே போயிற்று. தையல்காரர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. சாம்பலில் உருளைக்கிழங்கைச் சுட்டு, உப்பைத் தொட்டு எல்லோரும் தின்றோம். ஜன்னல் மூடியிருந்தது. அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை ஊரிலிருந்து திரும்பி, குருவியோடு வந்தான். அறைக்குள் நுழைந்ததுமே நின்றுவிட்டான்.

"என்ன மாமா, புகையே இல்லை?"

சொல்லியிருக்கலாம். அந்த நேரம்தான் சொல்லவேண்டிய நேரம். பயணம் முடித்து மனைவியோடு சிரித்துக்கொண்டு வந்திருக்கிறான், மனசு நன்றாக இருக்கிறது, கோபம் வந்தாலும் நாலு நாளில் போய்விடும். அக்கா புருஷனைப் பார்த்தாள். தையல்காரர் கையில் இருந்த துணியைப் பார்த்தார்.

"நீங்க கட்டினதாச்சே மாப்பிள்ளை" என்றார். "சுவர் காய்ஞ்சிடுச்சு போல."

மாப்பிள்ளை முகம் மலர்ந்ததே பார்க்க வேண்டும்! "பார்த்தியா?" என்றான் குருவியிடம். "புதுச் சுவர் ஈரம் இழுக்கும், தானா சரியாகும்னு நான் மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டேதான் இருந்தேன். அவசரப்பட்டு இடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?" பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க விறகும் இப்பத் தேவலை" என்றான். அட பாவி!

கோடையில் குருவிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாய் வீட்டில் இருந்துவிட்டு, மழை விட்டதும் தன் வீட்டுக்குப் போனாள். குளிர் தொடங்குவதற்கு முன்பே மாப்பிள்ளை தன் வீட்டுப் பின்னறையில், அவளும் குழந்தையும் படுக்கிற அறையில், ஒரு கணப்பைக் கட்டி முடித்துவிட்டான். அதே அகல வாய், அதே செங்கல் வளைவு. அவன் கட்டுகிறான் என்று தையல்காரர் வீட்டுக்குத் தெரியாது. கட்டின பிறகுதான் சொல்லி அனுப்பினான், அத்தை வந்து பார்க்கட்டும் என்று.

அக்கா போய்விட்டு வந்த மத்தியானம் நான் அவர்கள் வீட்டில் விறகு இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தலைமுடியிலிருந்து புகை நாற்றம் வந்தது.

"ஏங்க, புள்ளை மூச்சு விட்டா உள்ள விசிலடிக்கிற மாதிரி கேக்குது."

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். "அவ என்ன சொல்றா?"

"என்ன சொல்லுவா? 'எங்கப்பா வீட்லயும் முதல்ல இப்படித்தாம்மா இருந்துச்சு, பொறுத்தா சரியாயிடும்'ங்கறா. எனக்கே பாடம் சொல்றா. 'நீயும் பார்த்தியேம்மா'ங்கறா."

"நீ சொல்ல வேண்டியதுதானே?"

"அவர் பக்கத்துலயே உக்காந்திருக்காரு. 'அத்தையையே கேளு'ங்கறாரு. நான் என்னத்தைச் சொல்ல? ஆமாம்னு தலையாட்டிட்டு வந்தேன்." அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஆட்டின தலையை வெட்டிப் போடணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "இப்பவே கிளம்புங்க, போய் உண்மையைச் சொல்லிடலாம்" என்றேன். தையல்காரர் மேசைமேல் இருந்த துணிகளைக் காட்டினார். பள்ளிக்கூடத்துச் சீருடை, குவியலாகக் கிடந்தது. "இதை முடிச்சுக் கொடுத்துட்டுப் போறேன்யா" என்றார். பயந்தவனுக்கு வேலைதான் எத்தனை வசதி! முதலில் ஏணியைப் போய்ப் பார்த்தார். மாப்பிள்ளை இல்லாத நேரமாகப் பார்த்து அங்கேயும் ஒரு கழுத்து வைத்துவிட முடியுமா என்று கேட்டார்.

"ஒரு தடவை திருடன் மாதிரி வந்தேன்" என்றார் ஏணி. "இப்ப அவன் வீட்டுக்குள்ளயே திருடன் மாதிரிப் போகச் சொல்றீங்களா? நாலு வார்த்தை பேச முடியாத மாப்பிள்ளையா அவன்? பேசுங்க. பேசிட்டுக் கூப்பிடுங்க, ஓடி வரேன்."

சீருடை முடியவில்லை. அதற்குள் குழந்தையை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, மூக்கில் குழாய் மாட்டி மூச்சு கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அக்கா கத்தரிக்கோலைப் புருஷன் கையிலிருந்து பிடுங்கிப் போட்டாள். மறுநாள் காலையிலேயே என் விறகு வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலிலேயே நெடி அடித்தது. பின்னறையில் குருவி தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. அவள் கண் சிவந்து வீங்கியிருந்தது. கணப்பு எரிந்துகொண்டிருந்தது. குழந்தைக்குக் குளிரக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம், அதனால் மாப்பிள்ளை இன்னும் இரண்டு கட்டை சேர்த்து வைத்திருக்கிறான். அவனுக்கும் தூக்கமில்லாத முகம். எங்களைப் பார்த்ததும், "வாங்க, வாங்க மாமா. உங்க வீட்ல காய எவ்வளவு நாளாச்சு? இது ஏன் இன்னும் காயமாட்டேங்குது?" என்று கேட்டான்.

பெரிய மனுஷன் மாதிரி இல்லை, சின்னப் பையன் மாதிரி கேட்டான். எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ.

தையல்காரர் நின்றபடியே சொல்லிவிட்டார். பழகி வைத்திருந்த பேச்செல்லாம் போய்விட்டது. "அது காயலை மாப்பிள்ளை. ஏணியைக் கூப்பிட்டு உள்ள மாத்திக் கட்டினோம். நீங்க ஊர்ல இல்லாதப்ப."

மாப்பிள்ளை உடனே புரிந்துகொள்ளவில்லை. புரிந்ததும் கணப்பின் பக்கம் திரும்பி, வாளித் தண்ணீரைத் தூக்கித் தீயின்மேல் ஊற்றினான். சாம்பலும் ஆவியும் கிளம்பின. நான் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன்.

"ஏன் மாமா சொல்லலை?"

"நீங்க கோவப்படுவீங்கன்னு..."

"பட்டிருப்பேன்." அவன் குரல் உயரவே இல்லை. "பேசியிருக்க மாட்டேன். உங்க வீட்டு வாசலை மிதிச்சிருக்க மாட்டேன். எத்தனை நாளைக்கு? ஒரு மாசம்? ரெண்டு மாசம்? அதுக்குப் பதிலா என் புள்ளையோட நெஞ்சை எடுத்துக்கிட்டீங்களா?"

"மாப்பிள்ளை..."

"டாக்டர் சொல்றாரு, இந்த இழுப்பு இனிமே இவனோடவே இருக்குமாம். பெரியவனானாலும் ஓட முடியாதாம். நான் கட்டை வைக்க வைக்க இவ ஜன்னலைத் திறக்கறா, நான் மூடறேன். பொறுத்துக்கடீ, உங்கப்பா வீட்ல பார்த்தேல்லன்னு மூடறேன்." சொல்லிக்கொண்டே சுத்தியலை எடுத்தான். அந்தச் செங்கல் வளைவில் முதல் அடி விழுந்தது. நூல் பிடித்துக் கட்டினது, சுலபத்தில் பெயரவில்லை. அவன் அடித்துக்கொண்டே இருந்தான்.

தையல்காரர் மகள் பக்கத்தில் போய்க் குனிந்தார். "எல்லாம் உனக்காகத்தாம்மா. உன்னை அவர் படுத்தக் கூடாதேன்னுதான்."

குருவி குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை.

"எனக்காகப் பயந்தீங்க, சரிப்பா" என்றாள். "ஆனா உங்க வீட்டுக்கு மட்டும் நல்ல ஆளாப் பார்த்துக் கூட்டிட்டு வந்துட்டீங்களே."

குழந்தை இருமத் தொடங்கியது, குருவி அதைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.